கடுகெண்ணெயும் கனோலாவும்: பாட்டிலை எடுக்கும் முன்

திருப்பூர் மண்ணரையில் ஊத்துக்குளி சாலையை ஒட்டிய தெருக்களில், ஒரு மளிகைக் கடையின் எண்ணெய் அடுக்கைப் பார்த்தாலே பின்னால் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். கடலை எண்ணெய் பாக்கெட்டும் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயும் கண்ணுக்கு நேரே இருந்தால் சொந்த வீட்டுக்காரர்கள் அதிகம். கல்லாவுக்குப் பக்கத்திலேயே இந்தி எழுத்துப் போட்ட பழுப்பு மஞ்சள் பாட்டில்கள் வரிசையாக நின்றால், பின்னால் லைன் வீடுகள் இருக்கின்றன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துப் பையன்கள் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கி பனியன் கம்பெனிக்குப் போய் வருகிறார்கள். டவுனில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் மூன்றாவதாக ஒரு பாட்டில் இருக்கும்: வெளிறிய மஞ்சளில், இதயப் படம் போட்ட கனோலா.

கடுகெண்ணெயும் கனோலாவும் ஒரே குடும்பம் என்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"ஏனுங்கண்ணா, இந்தக் கடுகெண்ணெய்ல என்னமோ விஷம் இருக்குதாமா? வெளிநாட்டுல தடை பண்ணிட்டாங்களாமா?"

"அவனுக பொறந்ததுல இருந்து அதைத்தான் திங்கறானுக. நல்லாத்தானே இருக்கறானுக?"

இரண்டு பேர் சொல்வதிலும் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது. கம்பெனி மெஸ்ஸோ விடுதியோ நடத்துகிறவர்கள், வடக்கத்திப் பையன்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள், டாக்டர் சொன்னார் என்று கனோலா வாங்கி வைத்திருப்பவர்கள் எல்லோருக்குமாக இந்த அத்தியாயம்.

ஒரு குடும்பம், மூன்று எண்ணெய்

நாம் தாளிக்கும் கடுகின் தாவரப் பெயர் பிராசிகா ஜுன்சியா. அதன் பங்காளிகள் பிராசிகா நேப்பஸ், பிராசிகா ராப்பா. பின்னிரண்டையும் ஆங்கிலேயர் ரேப்சீட் என்றார்கள். நம் அரசுப் புள்ளிவிவரங்களில் எல்லாமே 'ரேப்சீட்-கடுகு' என்று ஒரே வரியில்தான் வரும். ராஜஸ்தான்தான் விளைச்சலில் முதலிடம். இதற்கென்றே ஆராய்ச்சி நிறுவனமும் அங்கே பரத்பூரில் இருக்கிறது. குளிர்காலப் பயிர் இது. அக்டோபரில் விதைத்து, டிசம்பர், ஜனவரிக் குளிரில் வளர்ந்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுவடைக்கு வரும். கொங்கு நாட்டுக்கு அந்தக் குளிர் கிடையாது. அதனால் நம் செக்குகளில் எள்ளும் கடலையும் கொப்பரையும் ஓடின, கடுகு அஞ்சறைப் பெட்டியோடு நின்றுவிட்டது. நம்முடைய பாரம்பரியம் என்று மார்தட்டும் கடலையே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். எண்ணெயில் 'நம்ம ஊர்', 'அந்நியம்' என்று பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கடைக்காரர் கையில் கொடுக்கக்கூடிய எண்ணெய்கள் இரண்டு. காரமும் நெடியும் உள்ள கடுகெண்ணெய் ஒன்று. பாட்டிலில் 'கச்சி கானி' என்று போட்டிருந்தால் சூடேற்றாமல் செக்கில் ஆட்டியது என்று பொருள். நெடியே இல்லாத, சுத்திகரித்த கனோலா மற்றொன்று. மூன்றாவது கடைக்கு வராது. அது எருசிக் அமிலம் என்ற கொழுப்பு நிறைந்த தொழிற்சாலை ரேப்சீட் எண்ணெய். ஆனால் திருப்பூர்க்காரர்களுக்கு அதோடு தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கித் திறக்க எருசமைடு என்றொரு பொருளைச் சேர்ப்பார்கள். அது இந்த எண்ணெயிலிருந்து எடுப்பது. பேக்கிங் செக்‌ஷனில் டி-ஷர்ட்டை மடித்து நுழைக்கும் பாலிபேக் விரலில் சரக்கென்று திறந்துகொள்கிறது என்றால், அதற்குள் கடுகுக் குடும்பத்து விதை ஒன்றின் கைவண்ணம் இருக்க வாய்ப்புண்டு.

கனோலா எப்படிப் பிறந்தது

ஐரோப்பாவில் ரேப்சீட் எண்ணெய் பல நூற்றாண்டுகளாக விளக்கெரிக்கப் பயன்பட்டது. நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு அதற்கு ஒரு புது வேலை கிடைத்தது. நீராவி பட்டு ஈரமான உலோகத்தில் மற்ற எண்ணெய்கள் கழன்று ஓடும், இது ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாம் உலகப் போரில் கப்பல்களுக்கு இந்த மசகெண்ணெய் ஏராளமாகத் தேவைப்பட்டது, வரத்து நின்றுபோனது. கனடாவின் மேற்குப் புல்வெளி மாகாணங்களில் அவசரமாக விதைத்தார்கள். போர் முடிந்து டீசல் எஞ்சின்கள் வந்ததும் வாங்க ஆளில்லை. விளைந்ததைச் சாப்பிட வைக்க முடியுமா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

தடையாக நின்றவை இரண்டு. எண்ணெயில் எருசிக் அமிலம். புண்ணாக்கில் குளுகோசினோலேட் என்ற காரப் பொருள். இரண்டாவதால் மாடு, கோழிகளின் தைராய்டு கெடும். சஸ்கட்டூனில் கீத் டவுனியும் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் பால்டர் ஸ்டெஃபான்சனும் வருடக்கணக்கில் இதற்காக உழைத்தார்கள். டவுனி குழுவின் முறை அழகானது. கடுகளவு விதை ஒன்றை எடுத்து, முளை சேதப்படாமல் பாதியை வெட்டுவார்கள். வெட்டிய பாதியில் எந்தக் கொழுப்பு எவ்வளவு என்று கருவியில் பார்ப்பார்கள். எருசிக் குறைவாக இருந்தால் மற்றப் பாதியை நட்டு வளர்ப்பார்கள். இப்படி விதை விதையாகச் சலித்து, எருசிக் இல்லாத குணத்தை 'லிஹோ' என்ற ஜெர்மன் தீவன ரகத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1974இல் ஸ்டெஃபான்சன் வெளியிட்ட 'டவர்' என்ற ரகத்தில்தான் இரண்டு தொல்லைகளும் முதன்முறையாக ஒன்றாகக் குறைந்தன. 1978இல் கனோலா என்று வணிகப் பெயர் வைத்தார்கள். இன்று எருசிக் 2 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்தப் பெயர். 1985இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை உணவாக ஏற்றது.

இதெல்லாம் வழக்கமான ஒட்டு, தேர்வு முறையில் நடந்தது. களைக்கொல்லிக்குத் தாங்கும் மரபணு மாற்றக் கனோலா 1990களின் நடுவில்தான் வயலுக்கு வந்தது. இன்று கனடாவில் விளைவது பெரும்பாலும் அதுதான். அது வேண்டாம் என்று நினைப்பவருக்கு வேறு எண்ணெய் வாங்கிக்கொள்ள எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனால் 'கனோலாவே மரபணு மாற்றத்தில் பிறந்தது' என்பது தவறு. இந்தியாவிலும் டெல்லி பூசா நிறுவனம் எருசிக் குறைந்த கடுகு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. 'பூசா டபுள் ஜீரோ மஸ்டர்ட் 31' கனோலாத் தரத்தை எட்டிய முதல் இந்தியக் கடுகு. மரபணு மாற்றக் கடுகான டிஎம்எச்-11 வேறு கதை. 2022 அக்டோபரில் அனுமதிக்குப் பரிந்துரை கிடைத்தது, 2024 ஜூலை 23இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள்.

எருசிக் கணக்கு

வெளிநாட்டில் தடை என்ற பேச்சுக்கு அடிப்படை இருக்கிறது. எருசிக் அதிகமுள்ள ரேப்சீட் எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் இதயத் தசையில் கொழுப்பு படிந்தது. எலியின் உடல் எருசிக்கைச் சரியாக எரிப்பதில்லை என்பது பிறகு தெரிந்தது. இருந்தாலும் பயம் போகவில்லை. அமெரிக்காவில் இன்றும் கடுகெண்ணெயை உணவு என்று விற்க முடியாது. அங்குள்ள இந்தியக் கடைகளில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற வாசகத்தோடு அடுக்கில் இருக்கும். வாங்கிப் போகிறவர் எங்கே பூசுகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் ஓர் அளவு சொன்னது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் எருசிக் வரை போகலாம். அந்த அளவை நம் சமையலறைக்குக் கொண்டுவருவோம். ஆள் 60 கிலோ என்றால் 420 மில்லிகிராம். கடுகெண்ணெயில் எருசிக் 40 முதல் 50 சதவீதம். 45 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டீஸ்பூன் எண்ணெய் நாலரை கிராம், அதில் எருசிக் 2 கிராம். அதாவது ஒரே டீஸ்பூனில் ஐரோப்பிய வரம்பு ஐந்து மடங்காகிவிடுகிறது. கடுகெண்ணெயிலேயே சமைக்கும் டைலர் ஒருவர் நாளுக்கு 30 கிராம் சாப்பிட்டால் உள்ளே போவது 13.5 கிராம், வரம்பைப் போல 32 மடங்கு.

இங்கேயே நிறுத்தினால் பீதிதான் மிஞ்சும். அந்த 7 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். எலிக்குஞ்சுகளுக்கும் பிறந்த பன்றிக்குட்டிகளுக்கும் கொடுத்துப் பார்த்து, கிலோவுக்கு 700 மில்லிகிராம் வரை இதயத்தில் கேடு தெரியவில்லை என்று கண்டார்கள். மனிதருக்காக அதை நூறால் வகுத்தார்கள். நம் டைலரின் எடைக்கு அந்த 700 மில்லிகிராம் அளவு 42 கிராம் எருசிக்; அவர் சாப்பிடுவது அதில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் பாதுகாப்பு வரம்பை வெகுதூரம் தாண்டியிருக்கிறார், கேடு தெரியத் தொடங்கிய அளவை எட்டவில்லை. ஐரோப்பியர் முதல் பாதியைப் பார்த்து வரம்பு கட்டுகிறார்கள், வங்காளி இரண்டாம் பாதியைப் பார்த்து மீன் பொரிக்கிறார்.

மனிதர்களிடம் என்ன நடக்கிறது? டெல்லியிலும் பெங்களூரிலும் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சூரியகாந்தி எண்ணெய் பயன்படுத்தியவர்களைவிடக் கடுகெண்ணெய்க்காரர்களிடம் இதய நோய் குறைவாகத்தான் தெரிந்தது. கடுகெண்ணெய் விற்கிறவர்கள் இதை விடாமல் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஆய்வு ஒன்றை வைத்துக் காரணம் இதுதான் என்று முடிவு கட்ட முடியாது. கடுகெண்ணெய் சாப்பிடுகிறவர் வேறு என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு உழைக்கிறார் என்பதெல்லாம் அதற்குள் கலந்திருக்கும். ஆனாலும் வடக்கே கோடிக்கணக்கான பேர் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டும், எலியில் பார்த்த இதயக் கோளாறு மனிதரில் உறுதிப்படவில்லை என்பதை ஒதுக்கிவிட முடியாது.

என் முடிவு இது. வளர்ந்த ஆளுக்குக் கடுகெண்ணெய் விஷமல்ல. அதை மட்டுமே ஊற்றிச் சமைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. குழந்தைகள் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, விலங்குச் சோதனையில் கேடு தெரியாத அந்த அளவே நாலு டீஸ்பூன் கடுகெண்ணெயில் வந்துவிடும். குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிறவர்களின் வீட்டில் கைக்குழந்தையோ பால்வாடிக்குப் போகும் பிள்ளையோ இருந்தால், அதன் சாப்பாட்டுக்குக் கடலை எண்ணெயோ வேறு எண்ணெயோ தனியாக வைக்கச் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பதும் வடக்கத்தி வழக்கம். பச்சைக் குழந்தையின் தோலுக்கு அது உறுத்தல். காங்கேயம் பக்கத்திலேயே இருக்கும்போது தேங்காய் எண்ணெய்க்கா பஞ்சம்?

ஆளைக் கொன்ற எண்ணெய்கள்

எருசிக்கைப் பற்றி ஐம்பது வருடமாக விவாதம். அதே காலத்தில் இந்த எண்ணெய்க் குடும்பத்தின் பெயரில் மனிதர்கள் செத்ததும் உண்டு, காரணம் விதையின் குணம் இல்லை.

1998 ஆகஸ்டில் டெல்லியில் திடீரென்று பலருக்குக் கால் வீங்கியது. வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்கல், இதயம் தளர்தல். மூவாயிரம் பேர் வரை நோயில் விழுந்தார்கள், அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடுகெண்ணெயில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்திருந்தது. நம் ஊரிலும் சாலையோரத் தரிசில் பார்த்திருப்பீர்கள்: சாம்பல் பச்சையில் முள் இலை, மஞ்சள் பூ, கிள்ளினால் மஞ்சள் பால். குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். அதன் விதை பார்வைக்குக் கடுகு மாதிரியே இருக்கும். அதிலுள்ள சாங்குவினரின் என்ற நஞ்சு, எண்ணெயைக் காய்ச்சினாலும் போகாது. நோயும் புதிதல்ல, 1877இலேயே கல்கத்தாவில் பதிவானது.

1981இல் ஸ்பெயினில் நடந்தது இதைவிடப் பெரிது. தொழிற்சாலைக்கு என்று இறக்குமதி செய்த ரேப்சீட் எண்ணெயை யாரும் சாப்பிட்டுவிடக் கூடாதென்று அனிலின் என்ற ரசாயனம் கலந்து வைத்திருந்தார்கள். வியாபாரிகள் அதை மறுபடி சுத்திகரித்து, ஆலிவ் எண்ணெய் என்று சொல்லித் தெருத்தெருவாக, முத்திரையில்லாத பிளாஸ்டிக் கேன்களில் மலிவாக விற்றார்கள். இருபதாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள், முந்நூறுக்கு மேல் இறந்தார்கள்.

இரண்டு இடத்திலும் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது வாங்கியவருக்குத் தெரியாது. மலிவு என்பது மட்டும் தெரியும். எருசிக் எத்தனை சதவீதம் என்று மண்டையைக் குடைந்துகொள்பவர், தெருமுனையில் பழைய பெயின்ட் வாளியிலிருந்து அளந்து ஊற்றும் எண்ணெயை வாங்கினால் அந்தக் கவலைக்கு அர்த்தமே இல்லை.

வாங்கும்போது

சமையல் எண்ணெயை லூஸில் விற்பது உணவுப் பாதுகாப்பு விதிப்படி கூடாது. செக்குக்காரரும் அடைத்து, பெயரும் தேதியும் உரிம எண்ணும் ஒட்டித்தான் விற்க வேண்டும். கடுகெண்ணெய்க்கு இதில் துளியும் சலுகை காட்டாதீர்கள்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 2021 ஜூன் 8 முதல் கடுகெண்ணெயோடு வேறு எந்த எண்ணெயையும் கலந்து விற்கத் தடை. ஆகவே முன்பக்கம் கடுகுப் பூவைப் பெரிதாகப் போட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் 'கலப்பு சமையல் எண்ணெய்' என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். அக்மார்க் முத்திரை இருந்தால் நல்லது. கண் எரிகிற நெடி வந்தால் அசல் என்று நம்பிவிட வேண்டாம். அந்த நெடியைத் தனியாகவும் சேர்க்கலாம்.

வடக்கத்திப் பையன்கள் சேர்ந்து ஊரிலிருந்து கடுகு தருவித்து இங்கே செக்கில் ஆட்டிக்கொள்வதும் உண்டு. ஆட்டும் முன் ஒரு பிடி விதையை வெள்ளைத் தட்டில் பரப்பி, வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடுகு மேலே வழவழப்பாக இருக்கும். பிரம்மதண்டு விதை இன்னும் கறுப்பு, சொரசொரப்பு. நகத்தால் நசுக்கினால் கடுகின் உள்ளே மஞ்சள், பிரம்மதண்டின் உள்ளே வெள்ளை. எண்ணெயான பிறகு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நைட்ரிக் அமிலம் ஊற்றிப் பார்க்கும் சோதனையை யூடியூபில் காட்டுகிறார்கள், அது ஆய்வுக்கூட வேலை. அடுப்படியில் அமில பாட்டில் வைத்திருக்காதீர்கள்.

கனோலா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் நிறைகொழுப்பு 7 சதவீதம்தான், சமையல் எண்ணெய்களிலேயே மிகக் குறைந்த வரிசை. கடலை எண்ணெயில் 17 சதவீதம் வரை, பாமாயிலில் நாற்பதுக்கு மேல், தேங்காய் எண்ணெயில் 85க்கும் மேல். போதாததற்கு ஆல்ஃபா லினோலெனிக் என்ற ஒமேகா-3 கொழுப்பு 9, 10 சதவீதம் இருக்கிறது. கடுகெண்ணெயிலும் ஏறக்குறைய அதே அளவு. நம் கடலை, எள், தேங்காய் மூன்றிலும் அது இல்லாததற்குச் சமம். டாக்டர் கனோலா சொன்னால் காரணம் இதுதான். அதற்காகக் கடலை எண்ணெயின் விலைக்கு மேலே கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்றால், இதய நோயாளி வீட்டில் இருந்தால் யோசிக்கலாம். மற்றவர்கள் வாரம் இரண்டு நாள் மத்தி மீனும், ஆளி விதைப் பொடி ஒரு ஸ்பூனும் சேர்த்துக்கொண்டால் அதே காரியம் குறைந்த காசில் ஆகிவிடும். கனோலாவை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் எடுத்து, 200 டிகிரிக்கு மேல் நெடி நீக்குகிறார்கள் என்பது குறையென்றால், நாம் வாங்கும் ரீஃபைண்ட் சூரியகாந்தியும் சோயாவும் பெரும்பாலும் அதே வழியில்தான் வருகின்றன.

வாட்ஸ்அப்பில் வருவதற்குச் சுருக்கமாக: முதல் உலகப் போரின் 'கடுகு வாயு'வில் கடுகும் இல்லை, ரேப்சீடும் இல்லை, வாடை அப்படி இருந்ததால் வந்த பெயர், பொருள் கந்தகச் சேர்மம். 'கனோலா மெஷின் ஆயில்' என்பவர்கள், பாட்டி காலத்தில் வண்டி அச்சுக்குப் போட்டதும் பேதிக்குக் குடித்ததும் ஒரே விளக்கெண்ணெய் என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

மெஸ் நடத்துகிறவர்களுக்கு

நாற்பது பேருக்கு மெஸ் என்று வைத்துக்கொள்வோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் 2000 கலோரி உணவுக்கு எண்ணெயும் கொழுப்புமாக 27 கிராம் என்று கணக்கு. பனியன் கம்பெனி உழைப்புக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். நாற்பது பேருக்கு நாளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல், மாதத்துக்கு 15 கிலோ டின் இரண்டு, இரண்டரை. நாலாவது டின்னை உடைக்கிற மெஸ்ஸில் எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுக் கரண்டியைச் சின்னதாக்க வேண்டும்.

வடக்கத்தியும் நம்மவர்களும் கலந்து சாப்பிடும் இடத்தில் எல்லாவற்றையும் கடுகெண்ணெயில் சமைத்தால் நம் பையன்கள் நெடிக்கே எழுந்து போய்விடுவார்கள். எல்லாம் பாமாயில் என்றால் வடக்கத்திப் பையன்கள் ரூமில் தனியாக அடுப்புப் பற்ற வைப்பார்கள். நடைமுறையில் ஒத்துவருவது இது: குழம்பு, பொரியலுக்குக் கடலை எண்ணெய், கடுகெண்ணெய் கடைசியில், மேலே. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டு, ஆளுக்கு அரை டீஸ்பூன் கடுகெண்ணெயைப் பச்சையாக விட்டுப் பிசைந்தால் பீகாரி சோக்கா என்பான், வங்காளி ஆலு ஷேத்தோ என்பான், இரண்டு பேரும் தட்டைக் காலி செய்வார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த வாசம்தான். அதற்கு அரை லிட்டர் தேவையில்லை.

கடுகெண்ணெயில் தாளிப்பதென்றால் லேசாகப் புகை கிளம்பும்வரை காய்ச்சி, அடுப்பைக் குறைத்து, ஆறவிட்டுப் பிறகு மசாலா போடுவது அவர்கள் பழக்கம். காரம் அடங்க அது தேவைதான். ஆபத்து அந்தப் புகையில் இருக்கிறது. 1980களில் ஷாங்காய் நகரில், புகைபிடிக்கும் பழக்கமில்லாத பெண்களுக்கு ஏன் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று தேடியவர்கள், காற்றோட்டமில்லாத அடுப்படியில் ரேப்சீட் எண்ணெயை அதிகச் சூட்டில் வதக்கும் பழக்கத்தில் வந்து நின்றார்கள். அதிகச் சூட்டில் பொரிக்கும்போது வரும் புகையைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' பட்டியலில் வைத்திருக்கிறது. எந்த எண்ணெய்க்கும் இது பொருந்தும். பத்துக்குப் பத்து லைன் வீட்டில், ஜன்னல் ஒன்றே ஒன்று, அதற்கும் கீழே கட்டில், பக்கத்தில் ஸ்டவ் என்று இருக்கிற இடத்தில் எருசிக்கைவிட இதற்குத்தான் முதலில் வழி பண்ண வேண்டும். வீட்டுக்காரர்களே, வரிசைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். வாடகையில் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பஜ்ஜி, போண்டா, பூரிக்குக் கடுகெண்ணெயும் வேண்டாம், கனோலாவும் வேண்டாம். இரண்டிலும் உள்ள அந்த ஒமேகா-3தான் சூட்டில் முதலில் கெடுவது. கடலை எண்ணெய் தாங்கும், பாமாயில் இன்னும் தாங்கும். எதுவானாலும் பொரித்த எண்ணெயைக் காலையிலிருந்து இரவு ஷிப்ட் வரை ஓட்டக் கூடாது. மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. மெஸ்ஸில் அதை அளக்கும் கருவி இருக்காது. கறுத்து, கரண்டியில் பிசுபிசுத்து, போட்டவுடன் நுரை அடங்காமல் பொங்கினால் காலம் முடிந்தது. பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், பயோடீசலுக்கு எடுத்துக்கொள்ளும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுங்கள். காசும் தருவார்கள். தெருக்கடைக்காரருக்கு விற்கவே விற்காதீர்கள்.

ஒரே பானையில் சாப்பிட்ட நாலைந்து பேருக்கு ஒரே வாரத்தில் இரண்டு காலும் வீங்கி, தோல் சிவந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினால், கம்பெனியில் நின்றுகொண்டே வேலை செய்வதால் வந்த வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது. அன்றே அந்த எண்ணெயை நிறுத்தி, எல்லோரையும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், என்ன எண்ணெயில் சாப்பிட்டார்கள் என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மீதி எண்ணெயைக் கொட்டாமல், வேறு பாட்டிலுக்கு மாற்றாமல், லேபிளோடும் பில்லோடும் எடுத்து வையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் அது கோயம்புத்தூரில் உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போகும். பாட்டில் இல்லையென்றால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.